எதிர்ப்பு சக்தி: விலை 3,80,000 ரூபாய்

என் அப்பாவின் எதிர்ப்பு சக்தி 41. பன்னிரண்டு வாரம் கழித்து அது 78 ஆனது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அம்மாவின் ஏழரைப் பவுன் நகை ஈரோட்டில் ஓர் அடகுக்கடைக்குள் போனது. அப்பாவின் ஃபிக்சட் டெபாசிட் ஒன்று உடைக்கப்பட்டது. எடுத்திருக்க வேண்டிய ஒரு சிடி ஸ்கேன் எடுக்கப்படாமல் போனது. முதல் இரண்டையும் நான் மன்னித்துவிட்டேன். மூன்றாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அப்போது வயது 64. மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். 52 வயதுவரை பீடி. 2023-இல் குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிந்தது. அது புற்றுநோய் என்று உறுதியாக இரண்டு வாரம் ஆனது. செப்டம்பரில் கோவையில் வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். கட்டி 1.8 செ.மீ. வெட்டிய ஓரங்களில் புற்றணு இல்லை. எடுத்துப் பார்த்த நிணநீர் முடிச்சுகள் பதினொன்றிலும் இல்லை. ஸ்டேஜ் ஒன். நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஒரு ரிப்போர்ட் வருவது லாட்டரி மாதிரி. முக்கால்வாசிப் பேர் இருமலும் ரத்தமுமாக, ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டித்தான் டாக்டரிடம் வருகிறார்கள்.

தையல் பிரிக்கப் போன அன்று சர்ஜன் சொன்னது மொத்தம் மூன்று வாக்கியம். "எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு. கீமோ, கரண்டு எதுவும் தேவையில்லை. ஆறு மாசத்துக்கு ஒருக்கா சிடி எடுத்துட்டு வாங்க." நான்கு நிமிடம். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

வீட்டுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. அடுத்து என்ன ட்ரீட்மென்ட்?

"ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லைன்னா? கை விட்டுட்டாங்களா?"

அம்மாவின் முகம் ஒவ்வொரு முறையும் சுருங்கியதைப் பார்த்தேன். நம் ஊரில் டாக்டர் 'இனி ஒண்ணும் பண்ண வேண்டாம்' என்று சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வாய்க்கு ருசியா ஆக்கிப் போடுங்க. குணமானவனிடமும் இதே சொல்லைச் சொல்வார்கள் என்பது யாருக்கும் பழக்கமில்லை. மருந்துக்குச் சொல் இருக்கிறது, பத்தியத்துக்கு இருக்கிறது, நேர்த்திக்கடனுக்கு இருக்கிறது. மருந்தில்லாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நம்மிடம் சொல் கிடையாது. 'கண்காணிப்பு' என்றால் போலீஸ் ஞாபகம் வருகிறது. 'பார்த்துட்டே இருக்கறது' என்றால், 'வேடிக்கை பார்க்கறியா?' என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்த வெற்றிடத்துக்குள்தான் மாமா ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்தார். அம்மாவின் தம்பி. நல்ல மனுஷன். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவர். "கட்டிய எடுத்துட்டாங்க, சரி. கட்டி வந்ததுக்குக் காரணம் உள்ளதான இருக்குது அம்மிணி? எதிர்ப்பு சக்தி இருந்திருந்தா வந்திருக்குமா? அத ஏத்தாம உட்டா மறுபடி வராதா?" என்றார். சென்னையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடனே பதில் வரவில்லை. தர்க்கம் அவ்வளவு அழகாக இருந்தது.

கிளினிக்கின் பெயரை எழுதப் போவதில்லை. அது ஒன்றல்ல, எல்லா ஊரிலும் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, நல்ல ஏசி, வெள்ளைக் கோட்டில் சிரித்த முகங்கள். அப்பாவிடம் அங்கே ஒருவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினாராம். என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்றெல்லாம் கேட்டாராம். "அந்தப் பெரிய ஆஸ்பத்திரில என்ற பேரக்கூட நிமிந்து பாத்துச் சொல்லல கண்ணு" என்றார் அப்பா. பிறகு ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாளில் பளபளக்கும் தாளில், வண்டியின் பெட்ரோல் முள் மாதிரி ஒரு படத்தோடு ரிப்போர்ட் வந்தது. முள் சிவப்புப் பகுதியில் நின்றது. 41. பேக்கேஜில் வாரம் இரண்டு ஊசி, வாரம் ஒரு வைட்டமின் சி டிரிப், காளான் கேப்ஸ்யூல், சீந்தில்கொடி மாத்திரை, குர்க்குமின். பன்னிரண்டு வாரத்துக்கு 3,80,000 ரூபாய். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். சொன்னால் சண்டை போடுவேன் என்று தெரிந்திருக்கிறது.

குர்க்குமின் விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். மஞ்சளில் இருக்கும் பொருள்தான் அது. விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் வாசனையிலேயே பிரித்துச் சொல்லும் ஒருவருக்கு, ஈரோட்டில், மஞ்சளைக் குப்பியில் அடைத்து விற்றிருக்கிறார்கள். அப்பாவே சிரித்தார். "நாப்பது வருசம் மூட்டை மூட்டையா மூக்குல ஏத்துனேன். அது காப்பாத்தறதா இருந்தா அப்பவே காப்பாத்தியிருக்கோணும்ல?" சிரித்துவிட்டுக் கேப்ஸ்யூலை விழுங்கினார். வாய் வழியாகச் சாப்பிடும் குர்க்குமின் ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு என்பது அதை ஆராய்கிறவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விஷயம். குழம்பில் போட்டால் ருசியாவது மிஞ்சும்.

சரி, அந்த 41-க்கு வருவோம். என் தொழில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒரு எண்ணைக் காட்டினால், இது எதை அளக்கிறது, தப்பாக இருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரு மனிதனின் மொத்த நோயெதிர்ப்பை ஒரே எண்ணாகச் சொல்லும் நம்பகமான பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. ரத்தத்தில் இன்ன வகை வெள்ளையணு இத்தனை என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கை நேற்றைய தூக்கத்துக்கு ஏற்ப மாறும், சளி பிடித்தால் மாறும், மாடிப்படி ஏறிவிட்டு வந்தால் மாறும். பெரிய ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் எடுத்தால் ஒரு மாதிரி இருக்கும், நான்கு மாதம் கழித்து எடுத்தால் வேறு மாதிரி இருக்கும். ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் உடம்பு தேறத்தான் செய்யும். முள் பச்சைக்கு வந்திருக்கத்தான் செய்யும்.

இந்த இதழை வாசிப்பவர்கள் சொல்லைப் பற்றி யோசிக்கிறவர்கள் என்பதால் ஒன்றைக் கேட்கிறேன். 'எதிர்ப்பு சக்தி' என்ற சொல்லை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இம்யூனிட்டி என்பதன் லத்தீன் வேர், வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தரப்பட்ட விலக்கைக் குறிப்பது. சட்டச் சொல். அதில் அளவு இல்லை, விலக்கு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். தமிழில் அது 'சக்தி' ஆனதும் கூடவும் குறையவும் ஆரம்பித்துவிட்டது. சக்தி என்றால் இறங்கும், ஏற்றலாம், செல்போன் பேட்டரி மாதிரி சார்ஜ் போடலாம். 2020-இல் கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக ஊற்றப்பட்டபோது இந்தச் சொல் ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளும் போய் உட்கார்ந்தது. மாமாவின் தர்க்கம் மாமாவுடையது அல்ல, அந்தச் சொல்லுடையது.

உண்மையில் உள்ளே இருப்பது பேட்டரி அல்ல. ஒன்றையொன்று ஏவியும் அடக்கியும் நடக்கும் நூறு வகை அணுக்களின் பெரிய ஊர் அது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் 'ஏற்றினால்' என்ன ஆகும் என்று பார்க்க ஆசையிருந்தால் முடக்குவாதக்காரர்களைப் பாருங்கள், லூபஸ் வந்த பெண்களைப் பாருங்கள். அவர்களுக்கு எதிர்ப்பு குறைந்து நோய் வரவில்லை. அது தன் வீட்டையே எதிர்த்து நிற்பதால் வந்தது. கட்டிக்குள் போய்க் கட்டிக்கே ஊழியம் செய்யும் வெள்ளையணுக்களும் உண்டு. அவற்றையும் சேர்த்து ஏற்றுவீர்களா?

*

இதையெல்லாம் யாரும் யோசித்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்பலாமா என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. நான் இரவு இரவாக உட்கார்ந்து படித்தது அதைத்தான். மாமாவின் கேள்விக்கு மரியாதையான பதில் அங்கே இருந்தது.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் 1970-களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து, நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டி அவதிப்பட்டுப் பிழைத்தவர்கள், சீழ் கட்டாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்த மாதிரி தெரிந்தது. 1972-இல் அதை வெளியிட்டார்கள். தொற்று வந்ததால் உடம்பு விழித்துக்கொண்டு மிச்சமிருந்த புற்றணுவையும் சேர்த்துத் தின்றுவிட்டதோ? எவ்வளவு அழகான கேள்வி! அப்படியானால் ஆபத்தில்லாத ஒரு தொற்றை நாமே கொடுத்துப் பார்க்கலாமே. பிசிஜியை, நம் எல்லோருடைய தோளிலும் தழும்பாக இருக்கும் அதே பிசிஜியை, ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுக்கூட்டுக்குள் செலுத்தினார்கள். 1976-இல் லான்செட்டில் முதல் முடிவு வந்தது. குழு சிறியது. ஆனால் ஸ்டேஜ் ஒன் நோயாளிகளிடம் பலன் மலைக்க வைத்தது.

அத்தோடு நின்றிருந்தால் இன்றைக்கு ஈரோட்டில் பிசிஜி பேக்கேஜ் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நிற்கவில்லை. பல மருத்துவமனைகள் சேர்ந்து பெரிய அளவில், யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, மறுபடி செய்து பார்த்தார்கள். 1981-இல் முதல் அறிக்கை வந்தது. பலன் இல்லை. முதல் ஆய்வில் தெரிந்த அற்புதம் பெரிய கூட்டத்தில் கரைந்துபோனது.

பிசிஜி என்றதும் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அது நம் ஊர்க் கதை. கிண்டியில் 1948 முதல் பிசிஜி ஆய்வகம் இருக்கிறது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், காசநோயை பிசிஜி தடுக்கிறதா என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் சோதித்தார்கள். உலகத்திலேயே அந்த மாதிரிச் சோதனைகளில் மிகப் பெரியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. எவ்வளவு சங்கடமான முடிவு! அதை மறைக்கவில்லை, வெளியிட்டார்கள். குழந்தைகளைக் கொடூரமான காசநோய் வகைகளிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம். அதே குப்பி மருந்து சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் உள்ளே செலுத்தப்பட்டு, இன்றுவரை முக்கியமான சிகிச்சையாக இருக்கிறது. சிறுநீர்ப்பையில் வேலை செய்கிறது, நெஞ்சுக்கூட்டில் செய்யவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது இதை. செய்து, எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

செலினியம் என்றொரு சத்து. எதிர்ப்பு சக்தி மாத்திரை டப்பா எதையாவது திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஸ்டேஜ் ஒன் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர்கள், அதாவது அச்சு அசலாக என் அப்பாவைப் போன்றவர்கள், 1,561 பேரை வைத்து அமெரிக்காவில் சோதித்தார்கள். மூன்றில் ஒரு பங்குப் பேருக்குச் செலினியம் இல்லாமலேயே வெறும் மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள். 2013-இல் வெளியான முடிவு: புதிய கட்டி வருவதை அது குறைக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு நடந்த ஆய்வு இன்னும் மோசம். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994-இல் வெளியானது. 'சத்துதானே, என்ன பண்ணிடப் போகுது' என்று சொல்கிற ஒவ்வொரு பெரியப்பாவிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை.

பெரிய கம்பெனிகளும் தோற்றிருக்கின்றன. சில நுரையீரல் கட்டிகளில் மேஜ்-ஏ3 என்றொரு புரதம் இருக்கும். சாதாரண அணுக்களில் கிட்டத்தட்ட இருக்காது. அதைக் குறிவைக்கும்படி வெள்ளையணுக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஊசியை கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் தயாரித்தது. ஆபரேஷன் முடிந்த 2,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு, 27 மாதத்தில் 13 ஊசி. பாதுகாப்பாகத்தான் இருந்தது. நோய் திரும்புவதைத்தான் தடுக்கவில்லை. 2014-இல் அறிவித்துவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். அந்தக் கோவை கிளினிக்கின் ஊசியைவிட ஆயிரம் மடங்கு யோசித்துச் செய்த ஊசி அது.

*

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். குறுக்கிட்டார், காபி குடிக்கும்போது. "அப்ப இம்யூனோதெரபின்னு நோபல் பரிசே கொடுத்தாங்களே, அது மட்டும் என்னவாம்?"

அது எதையும் ஏற்றுவதில்லை என்பதுதான் விஷயம். 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்சோவும் நோபல் வாங்கியது பிரேக்கைக் கண்டுபிடித்ததற்காக. டி அணுக்கள் வெறிபிடித்து நம்மையே தின்னாமலிருக்க அவற்றின் மேல் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்று நிறுத்தங்கள் இருக்கின்றன. சில கட்டிகள் அந்த பிடி-1 பிரேக்கைத் தங்கள் வசதிக்கு மிதித்து வைத்துக்கொள்கின்றன. மருந்து அந்தக் காலை விலக்கிவிடுகிறது. குறிப்பிட்ட பூட்டு, குறிப்பிட்ட சாவி. அதற்கும் விலை உண்டு. பிரேக் எடுத்த வண்டி தைராய்டில் மோதலாம், குடலில் மோதலாம், மிச்சமிருக்கும் நுரையீரலிலேயே அழற்சியாக வந்து மோதலாம். ஒரு மடலை இழந்தவருக்கு அது விளையாட்டல்ல.

இந்த மருந்துகளை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தார்கள். அடிசோலிசுமாப் 2021-லும் பெம்ப்ரோலிசுமாப் 2023-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. யாருக்கு என்று பாருங்கள். ஸ்டேஜ் டூ, த்ரீ-ஏ. கீழே இறங்கினால் பெம்ப்ரோலிசுமாபுக்கு 4 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கட்டி. 1.8 செ.மீ. கட்டிக்காரரை அந்த ஆய்வுகளில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அதே வகையைச் சேர்ந்த துர்வாலுமாபை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார்கள். நோபல் பரிசு வாங்கிய யோசனையே இவ்வளவு தடுமாறிப் போகிற பாதை இது. காளான் கேப்ஸ்யூல் விசிலடித்துக்கொண்டு போகிறதாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கட்டி பெரிதாக இருந்தாலோ, நிணநீர் முடிச்சுக்குப் போயிருந்தாலோ, ஆபரேஷனோடு நிறுத்தக் கூடாது. கீமோ, இந்த இம்யூனோதெரபி, இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் ஒசிமெர்டினிப் மாத்திரை என்று உண்மையான சிகிச்சைகள் அங்கே இருக்கின்றன, உயிர் காத்திருக்கின்றன. என் கோபம் சிகிச்சை மேல் இல்லை. தேவையில்லாத இடத்தில் தேவையை உண்டாக்குகிறவர்கள் மேல்.

நண்பர் விடவில்லை. நன்றாக வாசிக்கிறவர். உடல், அதிகாரம், மருத்துவ நிறுவனம் பற்றியெல்லாம் கட்டுரை எழுதியவர். "கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்காரன் பிடுங்கினா அறிவியல், சின்ன கிளினிக் பிடுங்கினா மோசடியா?" என்றார். கேள்வியில் பாதி நியாயம். ஆபரேஷன் பில்லை நானும்தான் கட்டினேன். கார் பார்க்கிங்குக்குக்கூட ரசீது போட்ட ஆஸ்பத்திரி அது. இம்யூனோதெரபி மருந்துகளின் விலை ஒரு நடுத்தரக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். இதையெல்லாம் எதிர்த்து எழுத வேண்டும், எழுதுங்கள், நானும் பகிர்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த ராட்சச கம்பெனி தன் ஊசி தோற்றதைப் பத்திரிகையில் அச்சிட்டது. நல்ல மனசால் அல்ல. அச்சிட்டுத்தான் ஆக வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன, கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். இந்த கிளினிக்கில் ஊசி போட்டவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று நான் போன் செய்து கேட்டேன். "சார் ப்ராக்டிஸ்ல எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம்" என்றது ஒரு குரல். அதிகாரத்தைக் கேள்வி கேட்பது உங்கள் வேலை என்றால், ஏசி அறையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அதிகாரத்தையும் கேளுங்கள்.

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்பது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதில்தான் சூட்சுமம். அப்பாவின் கட்டத்தில் ஆபரேஷன் முடிந்தவர்களில் நூறுக்குச் சுமார் 85 பேர் ஐந்து ஆண்டு தாண்டி உயிரோடு இருக்கிறார்கள். ஊசி இல்லாமல், காளான் இல்லாமல். அந்த 85 பேரையும் வாசலில் நிறுத்தி போட்டோ எடுத்து, சுவரில் மாட்டி, 'எங்களால் பிழைத்தவர்கள்' என்று எழுதிக்கொள்ளலாம். மிச்சம் 15 பேர் போட்டோவுக்கு வர மாட்டார்கள். ஸ்டேஜ் ஃபோர் நோயாளியிடம் விற்பவன் சீக்கிரம் மாட்டிக்கொள்வான். ஸ்டேஜ் ஒன் நோயாளியிடம் விற்பவனுக்கு சர்ஜனின் கத்தி செய்த வேலை இனாம். விற்கப்படும் பொருள் அந்த 15 என்ற பயம் மட்டுமே. அந்தப் பயம் பொய்யல்ல, அதனால்தான் அதற்கு இவ்வளவு விலை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணிகள் சட்டம் தடுக்கிறது. துண்டுப் பிரசுரத்தை இரண்டு முறை படித்தேன். 'குணம்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. 'ஆதரவு', 'சமநிலை', 'எதிர்ப்பு சக்தி மேம்பாடு'. புற்றுநோயாளி படத்தின் கீழே. ஒரு நல்ல கவிஞன்கூட இவ்வளவு கவனமாகச் சொல் தேர்ந்தெடுப்பதில்லை.

தீங்கில்லை என்கிறவர்களுக்கு ஒரு வரி. கிலோய் என்று வடக்கே சொல்லும் அதே சீந்தில்கொடியைத் தொற்றுக் காலத்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பழுதாகி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் தரப்பு அதை மறுத்தது, சண்டை நடந்தது. ஏற்கெனவே வேறு மாத்திரைகள் சாப்பிடும் 64 வயதுக்காரர் மேல் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பு பார்க்க வேண்டுமா?

எதிர்ப்பைக் கூட்டும் ஊசி என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் தடுப்பூசி. ஒரு மடல் போன நுரையீரலுக்கு ஃப்ளூவும் நிமோனியாவும் பெரிய எதிரிகள். அந்தக் குறிப்பிட்ட எதிரிகளை அடையாளம் காட்டிக் கொடுக்கும் ஊசிகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வாங்கிய கிளினிக் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நியாயமாக, நான்கு நிமிட சர்ஜனும் விடவில்லை.

அவரையும் விட முடியாது என்னால். அவருடைய கை தங்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஐந்தாவது நிமிடம் ஒன்று அவரிடம் இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "உங்களுக்கு ஒண்ணும் கொடுக்காதது கைவிட்டதால இல்லை. கொடுத்துப் பார்த்திருக்காங்க, உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சிருக்கு. இனி உங்க மருந்து அந்த ஸ்கேன்தான். மறுபடி ஏதாவது வந்தா சின்னதா இருக்கும்போதே பிடிக்கிறதுக்கு. யாராவது எதிர்ப்பு சக்தி ஏத்தறேன்னு கூப்பிடுவாங்க, போகாதீங்க." இருபது விநாடிதான் ஆகும். கிளினிக்காரர் கொடுத்த ஒன்றேகால் மணி நேரத்தை இந்த இருபது விநாடி வென்றிருக்கும் என்று இன்னும் நம்புகிறேன்.

*

முதல் ஸ்கேன் 2024 மார்ச்சில். அப்பா போகவில்லை. 78 வந்துவிட்டதே. "ரிப்போர்ட் நல்லா இருக்கறப்ப எதுக்கு கண்ணு மறுபடி மிசினுக்குள்ள போய்ப் படுக்கறது? கதிர் வேற உடம்புக்கு ஆவாதாமா." கதிர் ஆகாது என்பது கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தது. ஏப்ரலில் தேர்தல், மே மாதம் வெயில், ஜூனில் சித்தப்பா பையன் கல்யாணம். ஒவ்வொரு முறை நான் கேட்டபோதும் ஒரு காரணம் தயாராக இருந்தது. நானும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்தினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது நேர்மையாகாது.

ஆகஸ்டில் நானே லீவு போட்டுப் போய்க் கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்த பக்கம் சுத்தம். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் 6 மி.மீ. அளவில் ஒரு புள்ளி. சர்ஜன் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். பழைய படத்தைத் திரையில் பக்கத்தில் வைத்தார். "ஆபரேஷனுக்கு முந்தின ஸ்கேன்ல இது இல்லை. பழைய தொற்றோட தழும்பா இருக்கலாம், நிறைய பேருக்கு இருக்கும். வேற ஏதாவதாவும் இருக்கலாம். மார்ச்ல எடுத்த படம் எங்கே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா அந்த ரோலர் மேல் ஓடும் ஸ்கேன் பட உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் படம் இருந்திருந்தால், அப்போது இந்தப் புள்ளி இருந்ததா, இருந்தால் எத்தனை மில்லிமீட்டர், ஐந்து மாதத்தில் வளர்ந்ததா என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். வளரவில்லை என்றால் எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். இப்போது மூன்று மாதம் காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும். ஊசி குத்திப் பார்க்க அது மிகவும் சின்னது.

திரும்பி வரும் வழியில் பெருந்துறை தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பிறகு மாமா, "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் மச்சான்..." என்று ஆரம்பித்தார். "தெரியும் விடு" என்றார் அப்பா.

நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. மாமா மாதம் வட்டி கட்டுகிறார், அம்மாவுக்குத் தெரியாமல். சீந்தில் மாத்திரை டப்பா இரண்டு பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. ஃப்ளூ ஊசி போட்டாயிற்று. அப்பா காலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறார், வீட்டுக்கு வந்து மூன்று பந்து உருளும் அந்த பிளாஸ்டிக் குழாயை உறிஞ்சுகிறார். ஸ்கேன் தேதி காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருக்கிறது. தீபாவளி கழிந்து மூன்றாவது திங்கட்கிழமை.